லேபிளில் இல்லாத பெயர்கள்

(அரிமளத்தில் மாணவர், இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இன்னைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கலைக்கூடம். சென்னை எழும்பூரில் இருக்கிற தேசியக் கலைக்கூடம். நோட்டீஸில் இந்தத் தலைப்பைப் பார்த்ததுமே ரெண்டு மூணு பேர் என்கிட்ட கேட்டுட்டாங்க: "குடிதண்ணிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனுக் கொடுத்துக்கிட்டு அலையுறோம். இதுல படம் பார்த்த கதை எதுக்கு தோழர்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன். முதலில் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு மாநாட்டுக்காக நம்ம பகுதியிலிருந்து பதினோரு பேர் சென்னைக்குப் போனோம். புதுக்கோட்டையில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது எழும்பூர். மாநாடு மத்தியானத்துக்கு மேல்தான். அதுவரைக்கும் என்ன செய்வது? பாதிப்பேர் கடற்கரைக்குப் போகலாம் என்றார்கள். "வெயில் ஏறுது, சாயங்காலம் போயிக்கலாம். ஸ்டேஷன்லருந்து நடக்கிற தூரத்துல பாந்தியன் சாலையில மியூசியம் இருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு, வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த வளாகத்தில் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. அதற்குள்ளே சிவப்புக் கல்லில் கோட்டை வாசல் மாதிரி ஒரு கட்டடம் நிற்கிறது. பதேபூர் சிக்ரியில் அக்பர் கட்டிய புலந்த் தர்வாசாவின் சாயலில் கட்டியது. 1906இல் அடிக்கல், 1909இல் திறப்பு. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின், காண்ட்ராக்ட் எடுத்தவர் நம்பெருமாள் செட்டி. அப்போது அதற்கு விக்டோரியா மகாராணியின் பெயர். 1951இல் அதைத் தேசியக் கலைக்கூடம் ஆக்கினார்கள். ராணி பெயர் போய் தேசத்தின் பெயர் வந்தது. பிறகு 2000களின் தொடக்கத்தில் கட்டடம் பலவீனமாகிவிட்டது என்று மூடினார்கள். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. நாங்கள் போனபோது அதை வெளியில் நின்றுதான் பார்த்தோம். ஓவியங்களை அதே வளாகத்தில் வேறு கட்டடத்தில் பார்த்தோம்.

கட்டடத்தின் கதையைச் சொல்லி முடித்ததும் எங்களோடு வந்த ஒரு கொத்தனார் கேட்டார்: "அது சரி, கல்லைச் சுமந்தது யாரு?" பதினோரு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கினதும் பார்த்தால், அன்னைக்கு முழுக்க நாங்கள் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். வரைந்தவர் பெயர் தெரியும். காண்ட்ராக்ட் எடுத்தவர் பெயர் தெரியும். அடிக்கல் நாட்டிய இளவரசர் பெயர் தெரியும். சாரம் கட்டி, கல் ஏற்றி, சுண்ணாம்பு அரைத்தவர்களில் ஒருத்தர் பெயர்கூடத் தெரியாது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1885லிருந்து 1908 வரைக்கும் அந்த அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவருக்குப் பிடித்த வேலை மனுசர்களை அளப்பது. தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம். மூக்கின் அகலத்தை உயரத்தோடு கணக்குப் போட்டு ஒவ்வொரு சாதிக்கும் ஒரு எண் கொடுத்தார். ரங்காச்சாரியின் துணையோடு 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று ஏழு தொகுதிகள் போட்டார். வெளிவந்த ஆண்டு 1909. சிவப்புக் கட்டடம் திறந்த அதே ஆண்டு! அந்த ஏழு தொகுதிகளிலும் நாம இருக்கோம் தோழர்களே. பக்கம் பக்கமாக இருக்கோம். அளந்தவர் பெயர் அட்டையில். அளக்கப்பட்டவர்கள் சாதிப் பெயராகவும் எண்ணாகவும் உள்ளே.

அரசாங்கத்துக் காட்சிக்கூடம் நம்மைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பார்த்தது. எந்தக் கண்ணால் பார்த்தது என்பதுதான் நம்முடைய பிரச்சினை.

உள்ளே போகும்போது ஒன்று நடந்தது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. டிக்கெட் வாங்கினோம், போனோம். ஆனால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் எங்களோடு வந்த ஒரு தம்பி செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொண்டான். "ஏன்டா, இது கோயில் இல்லடா" என்றேன். "தெரியலண்ணே, பெரிய இடமா இருக்கு, கை தானா போயிருச்சு" என்றான். காலேஜ் படிக்கிற பையன். அவன் தாத்தா ஊர்த் தெருவில் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவர். சட்டம் போட்டுத் தெருவைத் திறந்துவிடலாம். கை தானாகப் போவதை எந்தச் சட்டம் தடுக்கும்? பெரிய வாசலைப் பார்த்தால் குனிகிற உடம்பு இது. அந்த உடம்பை நிமிர்த்துகிற வேலைக்குப் பெயர்தான் பண்பாட்டுப் போராட்டம். கலைக்கூடத்துக்குள் செருப்புக் காலோடு நடந்து, ஒரு படத்துக்கு முன்னால் நின்று, "எனக்கு இது பிடிக்கல" என்று சத்தமாகச் சொல்வதும் அந்தப் போராட்டத்தில் ஒரு பகுதி.

ஓவியப் பகுதியில் ரவிவர்மாவின் படங்கள் இருக்கின்றன. 1848இல் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தவர், 1906இல் இறந்தவர். எண்ணெய் வண்ணத்தில் பட்டுச் சேலையின் சரிகை மின்னுவதை அப்படியே கொண்டுவருவார். அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அவர் வரைந்த லட்சுமியையும் சரஸ்வதியையும் பாருங்கள். சிவந்த மேனி, மேல்சாதி வீட்டுப் பெண்ணின் முகம், உடுத்து. 1894இல் அச்சுக்கூடம் வைத்து அந்த முகங்களை ஆயிரக்கணக்கில் அச்சடித்துப் பரப்பினார். இங்கே பக்கத்தில் ராயவரம், கடியாபட்டிப் பக்கம் செட்டியார் வீடுகளில் வேலைக்குப் போன நம்ம அம்மாக்கள் அந்தப் படங்களைத் துடைத்திருப்பார்கள். தெய்வம் என்றால் இந்த நிறம், இந்த மூக்கு, இந்த நகை என்று நம்ம பிள்ளைகளுக்கும் பதிந்துபோனது. நம்ம தெருவில் வேப்ப மரத்தடியில் கல்லாகவும் செங்கல்லாகவும் நிற்கிற ஆத்தாளுக்கு எந்தக் கலைக்கூடத்திலும் சுவர் இல்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எங்களோடு வந்த ஒரு அக்கா சொன்னாங்க: "கோயிலுக்குள்ள விடாத காலத்துல எங்க அம்மாச்சி வீட்டுச் சுவத்துல சாமி வந்தது இந்தக் காலண்டராலதானே தம்பி. பூசாரி இல்லாம அதுவே கும்பிட்டுச்சு." இதையும் ஒதுக்க முடியாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தது 1939இல். காகிதத்தில் அச்சான சாமி அதற்கு முன்னாலேயே, யாரிடமும் அனுமதி கேட்காமல், காலணா அரையணாவுக்குச் சேரிக்குள் வந்துவிட்டது. ஆக, ஒரு படம் ஒரே நேரத்தில் நம்மைத் தாழ்த்தவும் செய்யும், ஒரு பூட்டைத் திறக்கவும் செய்யும். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகணும். மொத்தமாகக் கும்பிடுவதும் மொத்தமாகக் கொளுத்துவதும் சுலபம். பார்ப்பது கஷ்டம்.

அங்கிருந்து சிற்பப் பகுதிக்குப் போனோம். அமராவதிக் கற்கள் அங்கே இருக்கின்றன. ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபியை அலங்கரித்த வெள்ளைக் கற்கள். 1790களின் கடைசியில் காலின் மெக்கன்சி அந்த இடத்தைப் பார்த்தார். அந்தக் காலத்திலேயே கற்களைப் பெயர்த்துக் கட்டட வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக்காகச் சுட்டதும் உண்டு. 1845இல் வால்டர் எலியட் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அதிலிருந்து 121 கற்கள் 1859இல் லண்டனுக்குக் கப்பல் ஏறின. அவற்றுக்கே 'எலியட் மார்பிள்ஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது! செதுக்கியவன் பெயர் இல்லை, வணங்கியவன் பெயர் இல்லை, பெயர்த்தெடுத்தவர் பெயர்.

ஆனால் தோழர்களே, அந்தக் கற்களே வேறு கதை சொல்கின்றன. நான் இன்னைக்குப் பேச வந்ததே இதற்காகத்தான். அமராவதி ஸ்தூபியை எழுப்பியது ஒரு ராஜாவின் கஜானா மட்டுமல்ல. ஆளுக்கொரு கல், ஆளுக்கொரு தூண் என்று மக்கள் கொடுத்தது. கொடுத்தவர்கள் தங்கள் பெயரைப் பிராகிருத மொழியில் கல்லில் வெட்டிவைத்தார்கள். வணிகர்கள், பிக்குணிகள், இல்லறப் பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள். கண்ணன் என்ற தமிழன் தன் தம்பியோடும் தங்கையோடும் கொடுத்த கல்லும் உண்டு. 'தமிழன்' என்றே வெட்டியிருக்கிறார்கள். இன்னொரு கல்லில், நிறைகுடம் செதுக்கிய பலகையை தானமாகக் கொடுத்தவன் பெயர் விதிகன். நாகன் என்ற ஆசிரியரின் மகன். தன் தாய், மனைவி, உடன்பிறந்தார், பிள்ளைகள், சுற்றம் எல்லாரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். அவன் என்ன வேலை செய்தான்? கல்லிலேயே இருக்கிறது: சம்மகாரன். தோல் வேலை செய்கிறவன்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். 1,700 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. தோல் பதனிடுகிற ஒரு தொழிலாளி, ஆசிரியரின் மகன், தன் தொழிலைத் தன் பெயருக்குப் பக்கத்திலேயே கூச்சமில்லாமல் எழுதி, ஊரின் மிகப் பெரிய பொது இடத்தில் தன் குடும்பத்தோடு நிற்கிறான். தீண்டாமை அப்போது எந்த அளவில் இருந்தது என்பது வரலாற்று ஆசிரியர்கள் வாதாட வேண்டிய விஷயம். நமக்கு இந்தக் கல் போதும். தோல் வேலை செய்கிறவன் பெயரைக் கல்லில் வெட்ட இடம் கொடுத்த ஒரு பண்பாடு இந்த மண்ணில் இருந்திருக்கிறது. அது தோற்கடிக்கப்பட்டது.

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியபோதும், 1956இல் அண்ணல் அம்பேத்கர் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றபோதும், "இதென்ன புது மதம்" என்று கேட்டார்கள். புதுசா? எழும்பூர் போய்ப் பாருங்கள். அமராவதிக் கற்கள் அங்கே. 1856 தொடங்கி நாகப்பட்டினத்து மண்ணுக்குள்ளிருந்து புத்தர் படிமங்கள் முன்னூற்றைம்பது அளவில் கிடைத்தன. அவற்றில் பலவும் அதே இடத்தில்தான். நம்ம மாவட்டத்திலேயே சித்தன்னவாசல் சமணக் குடைவரையில் ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம் இருக்கிறது. பார்ப்பனியத்துக்கு வெளியே கலை இருந்ததற்குச் சாட்சி அரசாங்கத்தின் சொந்த அலமாரியிலேயே இருக்கிறது. போய்ப் படிக்க நம்ம ஆள் வேணும், அவ்வளவுதான்.

மாநாடு முடிந்து சாயங்காலம், காலையில் சொன்னபடி கடற்கரைக்குப் போனோம். உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தது. நாலு பேர் ஒரு பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவர். டெல்லியில் ஜெய்ப்பூர் ஹவுஸில் 1954இல் திறந்த தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் இந்தச் சிலையின் இன்னொரு வடிவம் இருக்கிறது. சிலைக்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கலைக் கல்லூரியின் இரவுக் காவலாளி என்று சொல்வார்கள். ராத்திரி முழுக்கக் கண் முழித்து, பகலில் தசையை முறுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றிருப்பார். மே தினம் தோறும் அந்தச் சிலைக்கு மாலை விழுகிறது. உழைப்பின் வெற்றி என்று பெயர். அந்த உழைப்பாளி பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? சிற்பியைக் குறை சொல்ல நான் வரவில்லை. உழைக்கிறவன் உடம்பை நடு ரோட்டில் நிறுத்தினாரே, அது பெரிய காரியம். ஆனால் உடம்பு நமது, பெயர் அடுத்தவருடையது என்ற ஏற்பாடு, உழைப்பைக் கொண்டாடுகிற இடத்தில்கூட மாறவில்லை.

இந்த ஏற்பாட்டை உடைத்துக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். வங்காளத்தில் பாங்குராவில் 1906இல் முடிதிருத்துகிற ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ராம்கிங்கர் பெய்ஜ். 1938இல் சாந்திநிகேதனில் 'சந்தால் குடும்பம்' என்று ஒரு சிலை செய்தார். பிள்ளையைச் சுமந்துகொண்டு, சாமான்களைத் தூக்கிக்கொண்டு, நாயோடு இடம்பெயர்கிற ஆதிவாசிக் குடும்பம். வெண்கலம் இல்லை, சலவைக்கல் இல்லை. சிமெண்டும் செம்மண் கூழாங்கல்லும். அதாவது நம்ம கொத்தனார் கையிலிருக்கிற சாமான். இன்றைக்கு அவர் இல்லாமல் இந்திய நவீனச் சிற்பத்தைப் பற்றி யாரும் பேச முடியாது. பிறகு நாக்பூரில் 1961இல் பிறந்த சவி சாவர்க்கர் வந்தார். கழுத்தில் கட்டிய எச்சில் சட்டி, இடுப்பில் கட்டிய துடைப்பம் என்று தீண்டாமையை நேருக்கு நேராகத் தாளில் கொண்டுவந்தார். பார்க்க அழகாக இல்லை என்று முகம் சுளித்தால், சுளிக்கட்டும். யாருக்கு அழகு என்ற கேள்வியைத்தான் தலித் அழகியல் கேட்கிறது.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். தண்ணிக்குப் போராடும்போது கலைக்கூடம் எதற்கு?

நம்ம மாவட்டத்தில் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தார்கள். விசாரிக்கப் போன அதிகாரிகள் அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளையையும், அய்யனார் கோயிலில் நம் மக்களுக்குத் தடை இருப்பதையும் கண்டார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. யார் மேல்? பாதிக்கப்பட்ட அதே மக்களில் மூன்று பேர் மேல். அந்த மக்கள் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டார்கள். வழக்கைப் பற்றி இந்த மேடையில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். நமக்கு என்ன நடந்தது என்பதை எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது? தொட்டிக்கு ஒரு லேபிள், குற்றத்துக்கு ஒரு லேபிள், நமக்கு ஒரு லேபிள். எழுதுவது எல்லாம் அடுத்தவர். தர்ஸ்டன் மூக்கை அளந்து எழுதிய லேபிளுக்கும் இதற்கும் நடுவில் நூறு வருசத்துக்கு மேல் ஓடிவிட்டது. பேனா கை மாறவில்லை. தண்ணீர்ப் போராட்டமும் பெயர்ப் போராட்டமும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை தோழர்களே. நம்மை யார் என்று எழுதுகிற உரிமை அடுத்தவரிடம் இருக்கிற வரைக்கும் நம் மனுவையும் அவர்கள்தான் படிப்பார்கள், அவர்கள்தான் மூடுவார்கள்.

இன்னொரு விவாதத்தையும் மறைக்காமல் சொல்லணும். பறை. 1990களில் கலை விழாக்கள் நடத்தி, பறையை விடுதலையின் இசை என்று மேடையேற்றினோம். அதே காலத்தில் பல ஊர்களில் நம் ஆட்கள் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கி எறிந்தார்கள், அதற்காக அடிபட்டார்கள். ரெண்டு பேரும் நம்ம ஆட்கள்தான். ரெண்டு பேரும் கேட்டது ஒன்றேதான்: எங்கே அடிப்பது, எப்போது அடிப்பது, அடிப்பதா வேண்டாமா என்பதை நாங்கள் முடிவு செய்வோம். நாளைக்கு ஒரு பறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'தோல் இசைக்கருவி, புதுக்கோட்டை மாவட்டம்' என்று எழுதிவிட்டால் நாம கைதட்டணுமா? மாட்டேன். தோலைப் பதப்படுத்தியவர் யார், கட்டியவர் யார், எந்தச் சாவுக்கு அடிக்க மறுத்து அது ஓரத்தில் கிடந்தது என்று எழுதினால்தான் அது நம்ம பறை.

அதனால் மாணவர்களிடம் மூன்று வேலை கேட்கிறேன்.

முதல் வேலை, போய்ப் பார்ப்பது. சென்னைக்குப் போகத் தோதில்லை என்றால் திருக்கோகர்ணத்தில் நம்ம புதுக்கோட்டை அருங்காட்சியகம் இருக்கு. சமஸ்தானக் காலத்தில் 1910இல் தொடங்கியது. பஸ் ஏறினால் போய்விடலாம். ஒரு நோட்டோடு போங்கள். ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் ஐந்து கேள்வி எழுதுங்கள்: செய்தது யார்? செய்யச் சொன்னது யார்? எடுத்துக்கிட்டு வந்தது யார்? லேபிள் எழுதினது யார்? இதில் யாருடைய பெயர் இல்லை? பதில் கிடைக்காத கேள்வியை அங்கே இருக்கிற அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும்.

ரெண்டாவது வேலை, நம்ம தெருவின் பெயர் நோட்டு. பறை கட்டினவர், அடித்தவர், அடிக்க மறுத்தவர். நடவுப் பாட்டு, ஒப்பாரி சொல்கிற அம்மாமார். குழி வெட்டினவர். செட்டியார் வீடுகளின் தேக்குத் தூணைச் சுமந்தவர். ஒவ்வொருவருக்கும் பெயர், அப்பா அம்மா பெயர், என்ன வேலை, யாரிடம் கற்றார். சாதிப் பெயரை எழுதி ஆளை முடித்துவிடுவது தர்ஸ்டனின் வேலை. நாம ஆளை எழுதுவோம். வயசானவர்கள் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் போனால் ஒரு அலமாரி காலி. இதைத் தள்ளிப்போட முடியாது.

மூணாவது வேலை, வரைகிற பிள்ளைகளை விடாதீர்கள். நம்ம தெருவில் சுவரில் கரிக்கட்டையால் கிறுக்குகிற பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கு. "இது சோறு போடுமா" என்று நாமே அதன் கையைத் தட்டிவிடுகிறோம். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, இடஒதுக்கீடு இருக்கிறது. பன்னிரண்டாவது முடித்த பிள்ளைக்கு அந்தப் படிவத்தை வாங்கிக் கொடுக்க ஒரு தோழர் பொறுப்பெடுக்கணும். இந்தக் கூட்டத்திலேயே யார் என்று முடிவு பண்ணிவிட்டுக் கலைவோம்.

விதிகன் பலகை கொடுத்தபோது அவன் சுற்றம் முழுக்க அந்தக் கல்லில் ஏறியது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்குப் பத்துப் பெயரோடு வாருங்கள். மேடையில் உரை இருக்காது. பெயர்களை வாசிப்போம்.